வீட்டுக் கழிவுநீர்க் குழாய்: தோண்டாமல் சீரமைத்தலும் ஆளை இறக்காதிருத்தலும்

கழிப்பறை நீர் இறங்காமல் எதிர்த்து வந்தால் நம் நகரத்து வீடுகளில் பெரும்பாலும் நடப்பது ஒன்றுதான்: 'அடைப்பு எடுக்கும் ஆள்' அழைக்கப்படுவார். அவர் எந்தச் சமூகத்தவர் என்று எவரும் கேட்பதில்லை. கேட்காமலேயே அனைவருக்கும் தெரியும். மூங்கில் பிளாச்சும் இரும்புக் கம்பியுமாக வருவார், சேம்பரின் மூடியைத் திறப்பார், கம்பி எட்டாவிட்டால் உள்ளே இறங்குவார். சில மாதங்களில் அதே இடம் மீண்டும் அடைக்கும். அதே எண்ணுக்கு மீண்டும் அழைப்பு போகும்.

திரும்பத் திரும்ப அடைக்கும் குழாய், பெரும்பாலும் பழுதடைந்த குழாய். அடைப்பு நீக்குவது அந்தப் பழுதைத் தொடுவதில்லை. மலக்குழி மரணங்களைப் பற்றிய நம் விவாதங்கள் 'சுத்தம் செய்தல்' என்ற சொல்லைச் சுற்றியே நடக்கின்றன. 'சீரமைத்தல்' என்பது ஏனோ பொறியாளர்களின் விவகாரமாக ஒதுக்கப்பட்டுவிட்டது. ஒரு குழாய் முறையாகச் சீரமைக்கப்பட்டால், அடுத்த பல ஆண்டுகளுக்கு அந்தச் சேம்பருக்குள் எவரையும் இறக்கும் தேவையே எழாமல் போகலாம். எனவே இது சாதியத் தொழிலை ஒழிப்பது பற்றிய கேள்வியும் ஆகும்.

பழைய வீடுகளில் நான்கு அல்லது ஆறு அங்குல ஸ்டோன்வேர் குழாய்கள் உள்ளன. ஒவ்வொரு துண்டும் இரண்டு மூன்று அடி நீளமே இருக்கும். இணைப்புகளில் சிமெண்டுக் கலவை பூசியிருப்பார்கள். மண் இறங்கினாலோ மேலே வாகனம் நின்றாலோ முதலில் விரிசல் விடுவது அந்த இணைப்புதான். மயிரிழை போன்ற விரிசல் வழியாக மரத்தின் வேர் ஈரத்தைத் தேடி நுழைகிறது. உள்ளே சென்றதும் துடைப்பம் போல் விரிந்து, வருவதையெல்லாம் பிடித்து நிறுத்துகிறது. கம்பியால் குத்தினால் வேரின் நுனி அறுபடுமே தவிர விரிசல் மூடாது. சிமெண்டுக் குழாய்களில் வேறொரு சிக்கல் உண்டு. தேங்கிய கழிவிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு, ஈரமான மேற்சுவரில் பாக்டீரியாக்களால் கந்தக அமிலமாக மாறி, குழாயின் முதுகை அரித்துவிடுகிறது. அதே வாயுதான் இறங்கியவரைக் கொல்வதும். காற்றைவிடக் கனமானதால் குழியின் அடியில் தங்குகிறது. அடர்த்தி கூடும்போது முகரும் உணர்வே மரத்துப்போவதால், நாற்றம் இல்லை என்று நம்பி இறங்குபவர் மயங்கி விழுகிறார்.

தோண்டாமல் சீரமைக்கும் முறைகள் அனைத்தும் கேமராவில் தொடங்குகின்றன. வளையும் தண்டின் முனையில் பொருத்திய சிறு கேமரா சேம்பர் வழியாகக் குழாய்க்குள் செலுத்தப்படும். முனையிலுள்ள கருவி எழுப்பும் சமிக்ஞையைத் தரைக்கு மேலிருந்து பிடித்து, பழுது எந்த இடத்தில், எத்தனை அடி ஆழத்தில் உள்ளது என்று குறிக்கலாம். இந்தப் பதிவைப் பார்க்காமல் செய்யப்படும் எந்தச் செலவும் குருட்டுச் செலவுதான்.

அடுத்து உயரழுத்த நீர்ப்பீச்சாலும் சுழலும் வெட்டுக் கருவியாலும் வேரும் படிவும் அகற்றப்படும். பிறகு பாலியெஸ்டர் கம்பளத் துணியாலான நீண்ட உறை ஒன்றைத் திரவ ரெசினில் ஊறவைத்து, காற்று அல்லது நீரின் அழுத்தத்தால், காலுறையை உள்வெளியாகப் புரட்டுவது போல, பழைய குழாய்க்குள் செலுத்துவார்கள். அது குழாயின் சுவரோடு ஒட்டி நிற்கும்போது வெந்நீர், நீராவி, புற ஊதா ஒளி ஆகியவற்றுள் ஒன்றைக் கொண்டு இறுகச் செய்வார்கள். சில மணி நேரத்தில் பழைய குழாய்க்குள் இணைப்பே இல்லாத ஒரு புதிய குழாய் உருவாகிவிடும். வீட்டுக் குழாய்களில் இதன் தடிமன் சில மில்லிமீட்டர் மட்டுமே. உள்விட்டம் சற்றுக் குறைந்தாலும் சுவர் வழவழப்பாவதால் ஓட்டம் பொதுவாகக் குறைவதில்லை. ஐம்பது ஆண்டு பயன்பாட்டைக் கணக்கிட்டே இவை வடிவமைக்கப்படுகின்றன. 1971இல் லண்டனில் எரிக் வுட் என்ற பொறியாளர் பழைய செங்கல் சாக்கடை ஒன்றில் முதன்முதலாகச் செய்துகாட்டிய முறை இது. அரை நூற்றாண்டு கடந்த தொழில்நுட்பத்தை இன்னும் 'புதுமை' என்று நம் ஒப்பந்தக்காரர்கள் விலை பேசுவது வேடிக்கை.

பழுது ஓரிடத்தில் மட்டும் என்றால் அந்த அளவுக்கு மட்டும் ஒட்டுப் போடலாம். குழாய் முழுவதும் நொறுங்கியிருந்தால், கூம்பு முனையொன்றை உள்ளே இழுத்துப் பழைய குழாயை உடைத்து மண்ணுக்குள் ஒதுக்கியபடியே, பின்னால் புதிய பாலிஎத்திலீன் குழாயை இழுத்துச் செல்லும் முறை உண்டு. இதற்கு இரு முனைகளிலும் குழி தேவை. நடுவிலுள்ள முற்றமும் மரமும் தப்பும்.

எல்லாவற்றையும் இவ்வாறு சரிசெய்ய முடியாது. மேஸ்திரிகள் 'வாட்டம்' என்று சொல்லும் சரிவு பிசகியிருந்தால், உறை அந்தப் பள்ளத்தையும் அப்படியே பின்பற்றும்; கழிவு அங்கே தேங்கத்தான் செய்யும். அப்போது தோண்டியே ஆகவேண்டும். தோண்டும் குழி 1.5 மீட்டருக்கு மேல் ஆழமானால் பக்கங்களுக்கு முட்டுக் கொடுக்கவேண்டும். மண் சரிந்து இறப்பவர்களும் அதே சேரிகளிலிருந்து வரும் கூலித் தொழிலாளர்கள்தாம். விஷவாயுவைப் பேசும் நாம் மண்சரிவைப் பேசுவது குறைவு.

ரெசினும் தீங்கற்றதன்று. பல உறைகளில் ஸ்டைரீன் என்ற வேதிப்பொருள் உள்ளது. நீராவியால் இறுக்கும்போது எழும் வெண்புகை வெறும் ஆவி அன்று, அதில் ஸ்டைரீன் உள்ளிட்ட வேதிப்பொருள்கள் கலந்துள்ளன என்று அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் காட்டினர். முகக்கவசமும் கையுறையும் இன்றி அந்தப் புகையில் தொழிலாளரை நிறுத்தினால், பழைய கொடுமைக்கு ஒரு புதிய இயந்திரம் கிடைத்ததாகவே பொருள். வீடுகளுக்கு ஸ்டைரீன் இல்லாத எப்பாக்சி வகையைக் கேட்டு வாங்கலாம்.

சட்டத்துக்கு வருவோம். 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, சாக்கடையையும் கழிவுநீர்த் தொட்டியையும் அபாயகரமாகச் சுத்தம் செய்ய எவரையும் ஈடுபடுத்தக்கூடாது என்கிறது. அந்தத் தடை உள்ளாட்சிக்கு மட்டுமன்று, 'எந்த நபருக்கும்' உரியது. வீட்டு உரிமையாளரும் அதில் அடக்கம். முதல் குற்றத்துக்கே இரண்டாண்டு வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். ஆனால் பாதுகாப்புக் கருவி தராமல் செய்விப்பதையே 'அபாயகரம்' என்று சட்டம் வரையறுக்கிறது. கருவியைக் கொடுத்தோம் என்று காட்டிவிட்டால் தப்பிக்க வழியிருக்கிறது.

அதைவிடப் பெரிய ஓட்டை விதிகளில் உள்ளது. 2013ஆம் ஆண்டு விதிகள், பாதுகாப்புக் கருவியுடன் கூட ஆளை இறக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுச் சில விலக்குகளைத் தருகின்றன. அவற்றுள் ஒன்று, ஆளிறங்கு குழியைத் திரும்பக் கட்டுவதும் முதன்மைக் கழிவுநீர்க் குழாயைச் சரிசெய்வதும். அதாவது, பழுது என்ற பெயரில் ஆளை இறக்கச் சட்டமே கதவைத் திறந்து வைத்திருக்கிறது. கேமராவும் உறையும் இயந்திரமும் செய்யக்கூடிய வேலைக்கு இந்த விலக்கு இனி எதற்கு? அதே சட்டத்தின் 33ஆம் பிரிவு, நவீனத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவது உள்ளாட்சியின் கடமை என்கிறது. அந்தக் கடமையைக் காட்டி இந்த விலக்கை நீக்கச் சொல்லும் கோரிக்கை நம் இயக்கங்களின் பட்டியலில் இடம்பெற வேண்டும்.

உச்ச நீதிமன்றம் 2014இல், 1993 முதல் நேர்ந்த ஒவ்வொரு சாக்கடை மரணத்துக்கும் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. ஒரு வீட்டின் குழாய்க்கு உறையிடும் செலவு இந்தத் தொகைக்குப் பக்கத்தில்கூட வராது. இருந்தும் ஆளை இறக்குவதே மலிவு என்று கணக்குப் போட முடிகிறதென்றால், அந்தக் கணக்கில் ஓர் உயிருக்கு விலையே குறிக்கப்படவில்லை.

இயந்திரம் யார் கையில் இருக்கும் என்பதும் முக்கியம். 2019இல் தில்லி குடிநீர் வாரியம் கழிவகற்றும் 200 சிறிய இயந்திரங்களை இத்தொழிலில் உழன்ற குடும்பங்களைச் சேர்ந்தவர்களின் உரிமையில் இயங்கச் செய்யும் திட்டத்தைத் தொடங்கியது. அவை அடைப்பு நீக்கும் இயந்திரங்கள். கேமரா ஆய்வு, உறையிடுதல் போன்ற கூடுதல் வருவாய் தரும் சீரமைப்புப் பணிகள் வேறு கைகளுக்குப் போய், வெறும் அள்ளும் வேலை மட்டும் இவர்களிடம் தங்கிவிடக்கூடாது. பயிற்சியும் கடனும் ஒப்பந்த ஒதுக்கீடும் சீரமைப்புப் பணிக்கும் சேர்த்தே கேட்கப்பட வேண்டும்.

மாணவர்கள் தங்கள் விடுதியிலிருந்தே தொடங்கலாம். அரசுக் கல்லூரி என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மனு போதும்: கடந்த மூன்று ஆண்டுகளில் விடுதியின் சேம்பர்கள் எத்தனை முறை திறக்கப்பட்டன? எந்த நிறுவனம் திறந்தது? எந்த இயந்திரம் பயன்படுத்தப்பட்டது? எவ்வளவு தொகை வழங்கப்பட்டது? ஒரே சேம்பர் இரண்டாம் முறை அடைத்தபோது குழாய்க்குள் கேமரா செலுத்தப்பட்டதா?