தி லெஜண்ட் ஆஃப் கோரா

தி லெஜண்ட் ஆஃப் கோரா, மைக்கேல் டாண்டே டிமார்டினோ, பிரையன் கோனியட்ஸ்கோ இருவரும் அமெரிக்காவின் நிக்கலோடியன் தொலைக்காட்சிக்காக உருவாக்கிய அனிமேஷன் தொடர். 2012 ஏப்ரல் 14 அன்று தொடங்கி 2014 டிசம்பர் 19 அன்று முடிந்தது. மொத்தம் 52 பகுதிகள், நான்கு பருவங்கள். காற்று, ஆவிகள், மாற்றம், சமநிலை என ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு பெயர் உண்டு. இதே இருவர் 2005 முதல் 2008 வரை வழங்கிய 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' முடிந்த இடத்திலிருந்து 70 ஆண்டுகள் தள்ளி இந்தக் கதை நடக்கிறது.

இந்த உலகில் சிலருக்கு நீர், நிலம், நெருப்பு, காற்று ஆகியவற்றில் ஏதாவது ஒன்று வசப்படும். நான்கும் வசப்படுகிறவர் ஒருவர்தான், அவரே அவதார். நாம் சொல்லும் 'அவதாரம்' என்ற சொல்லிலிருந்து வந்த பெயர் அது. ஓர் அவதார் இறந்ததும், இந்த நான்குக்கும் உரிய நான்கு இனங்களில் வரிசைப்படி அடுத்ததில் மறுபிறவி எடுக்கிறார். முந்தைய தொடரின் நாயகன் ஆங் இறந்தபின், தென் நீர்க்குலத்தில் பிறந்தவள் கோரா. அவளுக்குக் குரல் கொடுத்தவர் ஜேனட் வார்னி.

ஆங் சண்டையைத் தவிர்க்கப் பார்த்த சிறுவன். கோரா சண்டையை நோக்கி ஓடுகிறவள். நீரும் நிலமும் நெருப்பும் அவளுக்குச் சிறு குழந்தையாக இருக்கும்போதே கைவந்துவிடுகின்றன. பொறுமை கேட்கும் காற்று மட்டும் வர மறுக்கிறது. அதைக் கற்க ஆங்கின் மகன் டென்சினைத் தேடி, 17 வயதில் ரிபப்ளிக் சிட்டிக்கு வருகிறாள். 1920களின் ஷாங்காய், நியூயார்க் சாயலில் மோட்டார் வண்டிகளும் வானொலியும் நிறைந்த நகரம் அது. அந்தக் காலத்து ஜாஸையும் சீன இசைக்கருவிகளையும் இணைத்து ஜெரமி ஜக்கர்மன் இசை அமைத்தார். ஓவியங்களுக்கு உயிர் கொடுத்ததில் பெரும்பங்கு தென்கொரியாவின் ஸ்டுடியோ மிர் நிறுவனத்துக்கு உரியது.

நாயகி பெண் என்றால் சிறுவர்கள் பார்ப்பார்களா என்ற தயக்கம் தயாரிப்பின்போது எழுந்தது. சோதனைத் திரையிடலில் சிறுவர்கள் அதைப் பொருட்படுத்தவே இல்லை என்று கோனியட்ஸ்கோ பின்னர் கூறினார். முதல் ஒளிபரப்பைச் சுமார் 45 லட்சம் பேர் பார்த்தார்கள்.

தொடக்கத்தில் 12 பகுதிகளோடு முடியும் குறுந்தொடராகவே இது திட்டமிடப்பட்டது. முதல் பருவத்தின் முடிவில் அவசரம் தெரிவதற்கு இதுவே காரணம்: முகமூடி அணிந்த எதிரி அமோன் கோராவிடமிருந்து பறித்த ஆற்றல்கள், சில நிமிடங்களில் ஆங்கின் ஆவியால் திரும்பக் கிடைத்துவிடுகின்றன. இழப்பின் வலியைக் கோரா முழுதாக உணர்வதற்குள் அது தீர்ந்துவிடுகிறது.

மூன்றாம் பருவம் அந்தக் குறையைத் தீர்த்துவிட்டது. ஆட்சிகளே கூடாது என்னும் சாஹீரின் கூட்டம் கோராவைச் சங்கிலியால் கட்டி, அவள் உடலுக்குள் பாதரச நஞ்சைச் செலுத்துகிறது. பிழைக்கிறாள், ஆனால் நடக்க முடியவில்லை. பருவத்தின் கடைசிக் காட்சியில் டென்சினின் மகள் ஜினோராவுக்குப் பட்டமளிக்கும் விழா. எல்லோரும் மகிழ்ந்திருக்க, சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கும் கோராவின் கன்னத்தில் ஒரு துளி கண்ணீர் இறங்குகிறது. அத்தோடு திரை இருள்கிறது. சிறுவர் தொடர் ஒன்று ஒரு பருவத்தை இப்படி முடிக்கத் துணிந்தது பெரிய விஷயம்.

நான்காம் பருவத்தின் இரண்டாம் பகுதி அங்கிருந்து தொடர்கிறது. முந்தைய தொடரிலிருந்து வரும் முதிய கட்டாராவின் வைத்தியத்தில் கோரா கால் கட்டைவிரலை அசைக்கவே திணறுகிறாள். தோழர்கள் பலர் கடிதம் எழுதினாலும் அசாமி சாட்டோ ஒருத்திக்குத்தான் பதில் எழுதுகிறாள். எழுந்து நடந்த பிறகும், சங்கிலியோடு நிற்கும் தன் உருவமே எதிரே வந்து அவளைத் தாக்குகிறது. உடலில் எஞ்சிய நஞ்சைச் சதுப்புநிலத்தில் வாழும், அதே முந்தைய தொடரின் டாஃப் என்ற முதியவளால் முழுதும் எடுக்க முடியவில்லை. கடைசித் துளியைக் கோராவே வெளியேற்ற வேண்டியிருக்கிறது. சண்டைக்காரி ஒருத்தி தேறி வர மூன்று ஆண்டுகள் ஆகும் என்று ஒப்புக்கொண்ட இந்தப் பகுதிகளே தொடரின் உச்சம்.

ஒளிபரப்பில் இந்தத் தொடருக்கு உரிய இடம் கிடைக்கவில்லை. மூன்றாம் பருவம் பாதி வழியிலேயே தொலைக்காட்சியிலிருந்து இணையத்துக்கு மாற்றப்பட்டது. நான்காம் பருவத்துக்கு நிதி குறைக்கப்பட்டதால், ஊழியர்களை வேலையைவிட்டு அனுப்பாமல் இருக்க ஒரு பகுதியைப் பழைய காட்சிகளின் தொகுப்பாகவே அமைத்தார்கள்.

இறுதிக் காட்சியில் கோராவும் அசாமியும் கைகோத்து ஆவியுலக வாயிலுக்குள் நடக்கிறார்கள். இது காதல்தான் என்று சில நாட்களிலேயே படைப்பாளிகள் இருவரும் எழுத்தில் உறுதிசெய்தார்கள். 2017இல் டார்க் ஹார்ஸ் வெளியிடத் தொடங்கிய 'டர்ஃப் வார்ஸ்' படக்கதை, அந்த வாயிலுக்கு அப்பாலிருந்து அவர்கள் கதையைத் தொடர்கிறது.