தனிமைக்கும் ஒரு மருந்து

1922 சனவரியில் டொராண்டோ நகரில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. அதற்குமுன் நீரிழிவுற்ற பிள்ளைகளுக்குப் பட்டினியே மருத்துவம். அதுவும் சாவைச் சற்றே தள்ளிப்போட்டது, அவ்வளவே. இன்சுலின் உயிரைக் காத்தது. ஆனால் நாள்தோறும் ஊசியும் அளந்த உணவுமாய் வாழும் பிள்ளையை எந்தக் கோடை முகாம் ஏற்கும்?

1925இல் மிச்சிகன் மாநிலத்தில் மருத்துவர் வெண்ட் இத்தகையோர்க்கென்றே முகாம் நடத்தினார். 1932இல் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில், செஞ்சிலுவைத் தொண்டர் கிளாரா பார்ட்டன் பிறந்த இல்லத்தை ஒட்டி, யூனிவர்சலிஸ்ட் திருச்சபைப் பெண்கள் சிறுமியர்க்கு முகாம் அமைத்தனர். மருத்துவர் எலியட் ஜாஸ்லின் துணைநின்றார். மருத்துவக் கண்காணிப்பு பெரிதுதான். எனக்கோ வேறொன்று அதனினும் பெரிதாகப் படுகிறது. தன் வகுப்பில் தான் ஒருத்தியே நோயாளி என்றிருந்த சிறுமிக்கு, அங்கே ஊசியும் சிறுநீர்ச் சோதனையும் தோழியர் அனைவர்க்கும் பொதுவான அன்றாட அலுவல்கள்.

சிறுவர்க்கான முகாம் அண்டையூரான சார்ல்டனில் 1948இல் ஜாஸ்லின் பெயரால் எழுந்தது.