தீட்டிய முனை

சேர்வராயன் மலையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் மலையாளி மக்கள், நிலத்தில் தங்கள் கைக்கு அகப்பட்ட வழவழப்பான கற்கோடரிகளைச் சாதாரணக் கற்களென்று எறிந்துவிடாமல், சிறு கோயில்களில் கொண்டுபோய் வைத்து வழிபட்டு வந்தார்கள். 1863ஆம் ஆண்டில் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்து, இந்தியத் தொல்பழங்கால ஆராய்ச்சிக்கு அஸ்திவாரமிட்ட நிலவியல் அறிஞர் ராபர்ட் புரூஸ் ஃபூட், பிற்காலத்தில் இம்மலையிலுள்ள ஏற்காட்டையே தம் வாசஸ்தலமாகக் கொண்டவர். இம்மலையின் கோடரிகளையும் அவர் ஆராய்ந்தார். அவர் சேகரித்த கருவிகள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பல்லாவரத்துக் கருவி கல்லால் கல்லைத் தட்டிச் செதுக்கியது. ஏற்காட்டுக் கோடரியோ பாறையில் தேய்த்துத் தேய்த்து முனை தீட்டியது. தட்டுவதிலிருந்து தீட்டுவதற்கு வந்து சேர மனித குலத்துக்குப் பல லட்சம் ஆண்டுகள் பிடித்தன.

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, காப்பித் தோட்டங்களும் அவற்றுக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களும் சூழ்ந்த ஏற்காட்டுக்கு வரும் இணையத்தின் சரித்திரமும், அடிப்படையில் ஒரு முனையைத் தீட்டிய சரித்திரமே என்பது என் அபிப்பிராயம். கண்ணாடி இழையின் உடல் 125 மைக்ரான். அதனுள்ளே ஒளி செல்லும் பாதையோ, நெடுந்தூர இழைகளில், சுமார் 9 மைக்ரான். தலைமயிரை ஏறக்குறைய எட்டாகப் பிளந்தால் கிடைக்கும் அந்த நுண்ணிய வழியை, அதே அளவுள்ள இன்னொரு வழியோடு நேருக்கு நேர் வைத்து, வேண்டும்போது கழற்றவும் மறுபடி பூட்டவும் கூடியதாகச் செய்வதுதான் கனெக்டர் என்னும் சிறு கருவியின் வேலை.

இழைக்குள் ஒளி வளைந்தோடும் வித்தையை 1954ஆம் ஆண்டு உலகுக்கு விளக்கியவர்களுள் ஒருவர் பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. நல்ல கண்ணாடி கிடைத்தால் அதன் வழியே தொலைதூரம் பேசலாம் என்று 1966இல் சார்லஸ் காவ் கணக்கிட்டுக் காட்ட, 1970இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தார் அத்தகைய இழையை இழுத்தும் காட்டினார்கள். நம் தேசத்தில் 1979ஆம் ஆண்டு புனே நகரத்துத் தொலைபேசி நிலையங்களுக்கிடையே முதல் ஒளியிழை இணைப்பு நிறுவப்பட்டது. இழை வந்துவிட்டது, ஆனால் இரண்டு இழைகளைச் சந்திக்க வைக்கும் முனை இன்னும் பக்குவப்படவில்லை.

தட்டையாக வெட்டிய இரு முனைகளுக்கிடையே மயிரிழைக் காற்று நின்றாலும், கண்ணாடி முடிந்து காற்று தொடங்கும் ஒவ்வொரு பரப்பிலும் ஒளியில் ஏறக்குறைய நூற்றுக்கு நான்கு பங்கு திரும்பிவிடும். இதற்குப் பரிகாரமாகவே முனையைச் சற்றே குமிழாகத் தீட்டி, இரு குமிழ்களும் நடுவில் ஒன்றையொன்று அழுத்தித் தொடும்படி செய்தார்கள். பிறகு அந்தத் தீட்டலையே இன்னும் மென்மையாக்கினார்கள். இறுதியில், திரும்பும் ஒளி பாதையை விட்டு வெளியே போய்விடட்டும் என்று, முனையை 8 பாகை சாய்த்தே தீட்டினார்கள். நேரே தீட்டியதற்கு நீலம், சாய்த்துத் தீட்டியதற்குப் பச்சை என்று நிறம் வகுத்தவர்களின் புத்தியை நான் மனமார மெச்சுகிறேன். கண்ணால் காண முடியாத ஒரு சாய்வை, எழுத்தறியாதவரும் அறியும்படி செய்துவிட்டார்கள்.

கனெக்டரின் உருவத்துக்குக் கதை வேறு. ஜப்பானின் என்.டி.டி. நிறுவனத்தார் திருகிப் பூட்டும் எஃப்.சி.யைச் செய்தார்கள், அமெரிக்காவின் ஏ.டி.&டி.யார் 1980களின் நடுவில், பல்பைப் போல அழுத்தித் திருப்பும் எஸ்.டி.யைச் செய்தார்கள். இரண்டிலும் விரல்கள் சுற்றிப் பிடிக்க இடம் வேண்டும். வரிசையாக நெருக்கி வைக்க இயலாது. அதனால் என்.டி.டி.யார் சதுர முகத்தோடு, தள்ளினால் பூட்டி இழுத்தால் கழலும் எஸ்.சி.யைக் கொண்டுவந்தார்கள். இம்மூன்றின் நடுவிலும் இழையைத் தாங்கும் ஃபெரூல் என்னும் பீங்கான் குச்சி ஒன்றே, 2.5 மில்லிமீட்டர்; வெளிச்சட்டைதான் மாறிற்று. 1990களின் பிற்பகுதியில் லூசென்ட் நிறுவனத்தார் அந்தக் குச்சியையே பாதியாக்கி, 1.25 மில்லிமீட்டரில், தொலைபேசிப் பிளக்கின் கொக்கியைப் போன்ற ஒரு நாக்கோடு எல்.சி.யை வெளியிட்டார்கள்.

இந்தப் பாதியாக்கல்தான் டிரான்ஸீவர் மாட்யூல்களின் தலையெழுத்தை மாற்றியது. மின்குறியை ஒளியாகவும் ஒளியை மின்குறியாகவும் மாற்றும் பழைய ஜீபிக் மாட்யூலில், அனுப்ப ஒன்றும் வாங்க ஒன்றுமாக இரண்டு எஸ்.சி. துளைகள் இருந்தன, அதன் அகலம் ஸ்விட்சின் முகப்பில் பெரும்பங்கை விழுங்கியது. சுமார் 2000ஆம் ஆண்டில் வந்த எஸ்.எஃப்.பி. மாட்யூல், எல்.சி.யின் தயவால், ஜீபிக்கின் பாதி அளவில் அதே காரியத்தைச் செய்தது. இன்று எஸ்.எஃப்.பி. என்றாலே எல்.சி. என்று பலரும் நினைப்பது இதனால்தான். ஆயினும் எல்லா மாட்யூலுக்கும் அது பொருந்தாது. வீடுகளுக்குச் செல்லும் ஜீபான் முறையில், ஒரே இழையில் 1490 நானோமீட்டர் ஒளி கீழே இறங்க, 1310 நானோமீட்டர் ஒளி மேலே ஏறுகிறது. அங்கே துளை ஒன்றே போதுமாதலால், நிலையத்து மாட்யூலில் பெரும்பாலும் எஸ்.சி.யே நிலைத்துவிட்டது. பன்னிரண்டு இழைகளை ஒரே தலையில் கட்டும் எம்.பி.ஓ.வோ பெரிய தரவு மையங்களின் விவகாரம். மலையூருக்கு அதனால் ஆவதில்லை.

ஆகவே கனெக்டரைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் பார்க்க வேண்டியது தம் மாட்யூலின் வாயை; அடுத்தது மறுமுனையில் இருப்பது நீலமா, பச்சையா என்பதை. இந்த இரண்டாவதைப் பார்க்கத் தவறியதால் நேர்ந்த சங்கடத்தை நாகலூர்ச் சாலையில் ஒரு தோட்ட வீட்டில் நானே கண்டேன். மழைக்காலம், பனிமூட்டம் தாழ்வாரம் வரை வந்து நின்றது. கடையில் வாங்கிவந்த நீலத் தலை வயரைச் சுவரிலிருந்த பச்சைத் துளையில் சொருகியிருந்தார்கள். பெட்டியில் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. லைன் பார்க்க வந்த இளைஞர் பவர் மீட்டரை வைத்தார். ஒளியின் வலிமை மைனஸ் 28 டி.பி.எம். என்று காட்டிற்று. "நேரா தீட்டினதும் சாய்ச்சு தீட்டினதும் எங்க சார் ஒட்டும்? நடுவுல காத்துதான் நிக்கும்" என்றார். பையிலிருந்து பச்சைத் தலை வயர் ஒன்றை எடுத்தவர், அதை உடனே சொருகவில்லை. மூடியைக் கழற்றி, ஸ்பிரிட் தொட்ட பஞ்சுத்தாளில் முனையை ஒரே திசையில் ஒருமுறை இழுத்தார்; உலர்ந்த இடத்தில் இன்னொருமுறை இழுத்தார்; கைக்குள் அடங்கிய சிறு உருப்பெருக்கியில் பார்த்துவிட்டு என்னிடமும் தந்தார். கரிய வட்டத்தின் நடுவில், நிலா முளைத்ததுபோல், அப்பழுக்கற்ற ஒரு புள்ளி. அதன் பின்னரே சொருகினார், மீட்டர் மைனஸ் 23க்கு ஏறிற்று, விளக்கு பச்சையாயிற்று.

பச்சையை ஒழித்து எல்லாவற்றையும் நீலமாக்கினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கேபிள் டி.வி.யின் வழியாக இழை வந்த ஊர்களில், திரும்பும் ஒளியால் படம் கெடும் என்பதனால் பச்சை வேரூன்றிற்று. அதைப் பெயர்ப்பதைவிட அறிந்து பழகுவதே விவேகம். தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுசெல்வதென்று அரசு சங்கல்பித்திருக்கும் இக்காலத்தில், இம்மலை ஊர்களான வெள்ளக்கடையும் செம்மநத்தமும் மாரமங்கலமும் அந்தக் கணக்கில் அடங்கியவையே. மூடுபனியும் செம்மண் தூசியும் மாறிமாறி வரும் இவ்வூர்களில், 9 மைக்ரான் பாதையின்மேல் ஒரு மைக்ரான் தூசி உட்கார்ந்தாலும் அது வழியில் விழுந்த பாறையே.

மலையூர்களில் இந்த வேலையைச் செய்யும் இளைஞர்களுக்கும், வீட்டில் இழை வாங்கியிருக்கும் அன்பர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான்: நீலத்தோடு நீலத்தையும் பச்சையோடு பச்சையையும் சேருங்கள், லைனிலிருந்து கழற்றிய முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்காதீர்கள், அதிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, மூடியைத் தொலைத்துவிடாதீர்கள், சொருகுமுன் ஒவ்வொரு முறையும் துடையுங்கள்.