மழித்தலும் புண்ணாற்றலும்

சேலத்தினின்று நாமக்கல் செல்லும் பெருவழியில் உள்ளது புதுச்சத்திரம். இவ்வூரை உள்ளிட்ட கொங்கு நாட்டில் நாவிதரைக் குடிமகன் என வழங்குதல் மரபு. திருமணத்தில் மங்கல வாழ்த்துப் பாடும் உரிமை அவர்க்கு உண்டு. மருத்துவர் என்பதும் அவர்தம் குலப்பெயரே. பேறு பார்த்த அக்குலப் பெண்டிர் மருத்துவச்சியர் எனப்பட்டனர். இது பிற்காலத்தார் உயர்வு கருதிப் புனைந்த பெயர் என்றற்கு இடமில்லை. 1909-இல் வெளிவந்த தம் நூலில் எட்கர் தர்ஸ்டன் இவர்தம் மருத்துவத் தொழிலைக் குறித்துள்ளார். சவரக்கத்தியும் மருந்தும் ஒரே கையில் இருந்த காலத்தை இச்சொல் காட்டுகின்றது.

அவ்வாறாயின், அறுவைக்கு மழித்தல் இன்றியமையாததோ என்பதை ஈண்டு ஆராய்வாம்.

மயிர் நீக்கும் முறை மூன்று: மழித்தல், கத்தரித்தல், பூச்சால் உதிர்த்தல். இவற்றைச் சுசுருத சங்கிதையிலேயே காண்கின்றோம். மயிர் அடர்ந்தமையால் ஆறாத புண்ணில் கத்தி, கத்தரி, குறடு ஆகியவற்றால் மயிரைக் களைக என்றும், சங்குப்பொடி இரு பங்கும் அரிதாரம் ஒரு பங்கும் காடியில் அரைத்துப் பூசி உதிர்க்கலாம் என்றும் அந்நூல் விதிக்கின்றது. மயிர் தடையாகும் இடத்தே நீக்குக என்னும் வரையறை ஈண்டுக் கருதத்தக்கது.

இருபதாம் நூற்றாண்டு மருத்துவமனைகளிலோ, தடை உண்டோ இல்லையோ, அறுவைக்கு முன் மழித்தல் பொதுவழக்காயிற்று. 1971-இல் செரோப்பியன், ரெய்னால்ட்சு என்போர் வெளியிட்ட ஆய்வில், மழிக்கப்பட்டாருள் 5.6 விழுக்காட்டினர்க்குப் புண் சீழ்கொண்டது. பூச்சால் உதிர்த்தாரும் மயிர் நீக்காதாருமாகிய பிறருள் அது 0.6 விழுக்காடே. 1973-இல் கனடா நாட்டுக் குரூசு, ஃபோர்டு ஆகிய இருவர் 23,649 அறுவைப் புண்களைக் கணக்கிட்டனர். மழித்தவிடத்து 2.3, கத்தரித்தவிடத்து 1.7, யாதும் செய்யாதவிடத்து 0.9 விழுக்காடு எனக் கண்டனர்.

காரணம் வெளிப்படை. கத்தி தோலில் கண்ணுக்குப் புலனாகாச் சிறு கீறல்களை உண்டாக்கும். அவற்றில் நுண்ணுயிர்கள் பெருகும். மழித்தற்கும் அறுவைக்கும் இடைப்பட்ட பொழுது நீளுந்தோறும் கேடும் மிகும். கத்தரிப்பொறி தோலைத் தீண்டாது மயிரையே குறைக்கும். பூச்சு கீறாதாயினும் சிலர் தோலுக்கு ஒவ்வாது. ஆதலின் மயிரை நீக்காது விடுக. நீக்கியே தீரவேண்டின் கத்தரிப்பொறியே கொள்க என 2016-இல் உலக நலவாழ்வு நிறுவனம் வகுத்தது.

முதல்நாள் இரவே வீட்டில் மழித்துக்கொள்வது தூய்மை எனக் கருதுவார் இன்றும் உளர். சடங்கில் மழித்தல் தரும் தூய்மை வேறு. புண்ணுக்கு வேண்டும் தூய்மை வேறு. முன்னதன் பெருமையைப் பின்னதற்கு ஏற்றிக் கூறியதே பிழை. குடிமகனின் கத்திக்கு மங்கல வினையில் உள்ள இடம் குறையாது. அறுவைக்கூடத்தில் அதற்கு இடமில்லை என்பதே எம் துணிபு.