ஆய்விதழ்களில் கருத்துத் திருட்டு

பிறருடைய சொற்களையோ தரவுகளையோ படங்களையோ உரிய மேற்கோள் இன்றித் தம்முடையவையாகக் காட்டிக் கட்டுரை அனுப்புவது, ஆய்வுலகில் கருத்துத் திருட்டு எனப்படும். கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், முட்டுக்காட்டு உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிலையம், காட்டாங்கொளத்தூர் எஸ்.ஆர்.எம். நிகர்நிலைப் பல்கலைக்கழகம், செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி எனப் பல ஆய்வுக்கூடங்கள் உள்ள செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆய்வாளர்களும் கட்டுரை அனுப்பும்போது இதற்கான சோதனையை எதிர்கொள்கிறார்கள்.

சோதனை முறை

கட்டுரை வந்ததும் பல இதழ்கள் அதை ஐதென்டிகேட் போன்ற மென்பொருளில் இடுகின்றன. பதிப்பகங்கள் தம் கட்டுரைகளை ஒருங்கே ஒப்பிட்டுப் பார்க்கும் சேவையை கிராஸ்ரெஃப் அமைப்பு 2008இல் தொடங்கியது. மென்பொருள் ஒத்த சொற்களின் விழுக்காட்டைத்தான் தரும். திருட்டா இல்லையா என்று முடிவு செய்பவர் பதிப்பாசிரியர். இறால் வளர்ப்பு ஆய்வில், குளத்து நீரின் உப்புத்தன்மையை அளந்த விதத்தைச் சொல்லும் வரிகள் பழைய கட்டுரைகளோடு ஒத்துப்போவது இயல்பு. முடிவுகளை அலசும் பகுதியில் இரண்டு பத்திகள் அப்படியே இருந்தால் அது கடுமையான குற்றம். மொழிபெயர்த்து எடுத்தவை மென்பொருளுக்குத் தப்பிவிடலாம். துறையறிந்த மதிப்பீட்டாளரின் கண்ணே அங்கு துணை.

நடவடிக்கை

1997இல் தோன்றிய வெளியீட்டு அறநெறிக் குழுவின் வழிகாட்டுதலைப் பல இதழ்கள் பின்பற்றுகின்றன. ஒப்புமை சிறிதானால் திருத்தி எழுதச் சொல்வார்கள். பெரிதானால் கட்டுரையாளரிடம் விளக்கம் கேட்பார்கள்; அது ஏற்கத்தக்கதாக இல்லையெனில் கட்டுரையை நிராகரித்து, அவருடைய நிறுவனத்துக்கும் எழுதுவார்கள். வெளியான பின் தெரியவந்தால், காரணம் கூறும் அறிவிப்போடு கட்டுரை திரும்பப் பெறப்படும்.

இந்திய நிலை

திருப்பதி வேங்கடேசுவரா பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் ஒருவர் 2004 முதல் 2007 வரை வெளியிட்ட சுமார் 70 கட்டுரைகள் திருட்டும் புனைவும் கொண்டவை என்பது 2008இல் அம்பலமானது. மதிப்பீட்டாளர்களைக் கடந்தே அவை அச்சேறியிருந்தன.

பல்கலைக்கழக மானியக் குழு 2018 ஜூலையில் ஒழுங்குமுறை விதிகளை அறிவித்தது. அவற்றின்படி 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும். 40க்கு மேல் 60 வரையெனில் கூடவே ஓர் ஆண்டு ஊதிய உயர்வு போகும். 2 ஆண்டுகளுக்குப் புதிய மாணவருக்கு நெறியாளராக முடியாது. 60ஐத் தாண்டினால் இரண்டு ஆண்டு ஊதிய உயர்வுகள் போகும்; நெறியாளராக 3 ஆண்டுத் தடையும் உண்டு. நூற்பட்டியல், உரிய மேற்கோள்கள், பொதுச் சமன்பாடுகள் ஆகியவை கணக்கில் சேரா.

இதழால் கட்டுரையை மறுக்க முடியும். ஆளை விசாரித்துத் தண்டிக்கும் அதிகாரம் அவர் பணியாற்றும் நிறுவனத்திடமே இருக்கிறது. இதழின் கடிதத்தை அந்த நிறுவனம் கிடப்பில் போட்டால், உழைப்பைப் பறிகொடுத்த ஆய்வாளருக்கு நீதி கிடைப்பதில்லை.