'அதே நிபந்தனைகள்': பேஸ்பால் ஒப்பந்த வரலாற்றில் ஒரு சொற்றொடர்

அமெரிக்காவின் ஃபேண்டஸி பேஸ்பால் லீக்குகள் பலவற்றில் ஆண்டுதோறும் பருவம் தொடங்குமுன் ஒரு கேள்வி எழுகிறது: சென்ற ஏலத்தில் எடுத்த ஆட்டக்காரர்களுள் எவரைத் தக்கவைப்பது, எவரை விடுவிப்பது? தக்கவைக்கப்படுபவரைக் 'கீப்பர்' என்பர். ஐபிஎல் ஏலத்தின் வாயிலாகத் தமிழிலும் 'தக்கவைத்தல்' பழகிய சொல்லாகிவிட்டது. வெறும் ஆட்ட விதியாகத் தோன்றும் இச்சொல்லின் பின்னால் ஏறத்தாழ நூறாண்டு நீண்ட தொழிலாளர் உரிமைப் போராட்டம் ஒன்று உண்டு. அது இறுதியில் ஒரு சொற்றொடரின் பொருளை ஒட்டியே முடிவுற்றது.

1876இல் தோன்றிய நேஷனல் லீக்கின் அணி உரிமையாளர்கள், ஊதியம் உயர்வதைத் தடுக்கும் நோக்குடன் 1879இல் தமக்குள் ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். ஒவ்வோர் அணியும் ஐந்து ஆட்டக்காரர்களைத் தனக்கென ஒதுக்கிக்கொள்ளலாம். பிற அணிகள் அவர்களை அணுகலாகாது. இந்த 'ரிசர்வ்' விதி விரைவில் அணி முழுமைக்கும் விரிந்தது. ஆட்டக்காரரும் வழக்கறிஞருமான ஜான் மாண்ட்கோமரி வார்டு, பேஸ்பால் ஆட்டக்காரர் ஓர் உடைமைப் பொருளா என்ற வினாவையே தலைப்பாகக் கொண்டு 1887இல் ஒரு கட்டுரை எழுதினார். 1890இல் ஆட்டக்காரர்கள் தாமே தொடங்கிய லீக் ஒரே பருவத்தில் மறைந்தது.

நீதிமன்றங்களும் கைகொடுக்கவில்லை. தனியுரிமைத் தடைச் சட்டம் பேஸ்பாலுக்குப் பொருந்தாது என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1922இல் கூறியது. 1953இலும் அதையே உறுதிசெய்தது. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியில் பன்னிரண்டு பருவங்கள் ஆடிய கர்ட் ஃபிளட், 1969இல் தம்மைக் கேளாமலே ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றப்பட்டபோது மறுத்து வழக்குத் தொடுத்தார். 1972இல் 5-3 என்ற பெரும்பான்மையில் தோற்றார்.

சட்டத்தால் திறவாத கதவை இலக்கணம் திறந்தது. ஆட்டக்காரர் ஒப்பந்தத்தின் 10(அ) பிரிவு, அவர் கையொப்பமிட மறுத்தால் அணி 'இவ்வொப்பந்தத்தை' ஓராண்டுக்கு 'அதே நிபந்தனைகளில்' புதுப்பிக்கலாம் என்றது. அந்நிபந்தனைகளுள் புதுப்பிக்கும் உரிமையும் அடங்குமா? அடங்கும் எனில், ஓராண்டு ஒப்பந்தம் தன்னைத் தானே ஈன்று முடிவின்றித் தொடரும். அடங்காது எனில், அடுத்த ஆண்டே ஆட்டக்காரர் விடுதலை பெறுவார். ஆண்டி மெசர்ஸ்மித் 1975 பருவம் முழுவதும் கையொப்பமின்றி ஆடினார். டேவ் மெக்னாலியும் அவ்வழக்கில் இணைந்தார். 1975 டிசம்பர் 23 அன்று நடுவர் பீட்டர் சைட்ஸ், ஓராண்டு என்றால் ஓராண்டே எனத் தீர்ப்பளித்தார். உரிமையாளர்கள் அவரை உடனே பணிநீக்கினர், தீர்ப்போ நிலைத்தது. 1976 உடன்பாட்டின்படி, ஆறாண்டுப் பணிக்குப் பின் ஆட்டக்காரர் தாம் விரும்பிய அணியை நாடலாம் என்றாயிற்று.

நான்கே ஆண்டுகளில், 1980இல், டேனியல் ஓக்ரென்ட்டும் நண்பர்களும் நியூயார்க்கில் ரோட்டிசரி லீக்கைத் தொடங்கினர். அதன் வழியாகப் பரவிய விதிகளில், 260 டாலருக்குள் 23 பேரை ஏலத்தில் எடுக்க வேண்டும். 5 டாலருக்கு எடுத்தவரை மறு ஆண்டும் அதே விலைக்கு வைத்துக்கொள்ளலாம். மூன்றாம் ஆண்டில் மூன்று வழிகள்: விடுவிக்கலாம், அதே விலையில் 'ஆப்ஷன்' ஆண்டை ஆடவிட்டு இழக்கலாம், அல்லது கூடுதலாக வேண்டும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 5 டாலர் உயர்த்தி நீண்ட ஒப்பந்தம் செய்யலாம். 'ஆப்ஷன்' என்பது மெசர்ஸ்மித் வழக்கின் காலத்துச் சொல்லே. மெய்யான களத்தில் ஆட்டக்காரர்கள் அப்போதுதான் தளர்த்திய கட்டு, கற்பனைக் களத்தில் சுவைக்கும் விதியாக மறுபிறவி எடுத்தது.

கீப்பரின் பயன், அவரது திறன் வளர்ந்தும் விலை வளராமையில் இருக்கிறது. ரிசர்வ் விதியின் பயனும் அதுவேதான். ஆயினும் ரோட்டிசரி விதியில் ஒரு காலவரம்பு உண்டு. பழைய விதியில் அதுவும் இல்லை. கற்பனை லீக்கில் எவரும் துன்புறுவதில்லை என்பது உண்மை. ஆனால் 'தக்கவைக்கப்பட்டார்' என்னும் வினையில் ஆட்டக்காரர் எழுவாயாக நின்றாலும், செயல் அவருடையதன்று. உரிமையாளராக ஆடிப் பழகிய கண், மெய்யான ஊதியப் பூசல்களையும் உரிமையாளரின் பக்கத்திலிருந்தே பார்க்கத் தலைப்படுகிறது என்பது என் கருத்து.

ஃபிளட் 1971இல் வாஷிங்டனுக்காகப் பதின்மூன்று ஆட்டங்கள் ஆடி விலகினார், 1997இல் மறைந்தார். பேஸ்பாலின் சட்ட விலக்கை ஆட்டக்காரர்களின் பணியுரிமை அளவில் நீக்கிய 1998ஆம் ஆண்டுச் சட்டம் அவர் பெயரையே தாங்கியுள்ளது. அவர் கேட்ட உரிமையின் பயனை அவர் மட்டும் துய்க்கவில்லை.