"பிள்ளை, வி. ஆர்." யாருங்க?

நாமக்கல் கவிஞரைத் தெரியாதவங்க நம்மில் இருக்க முடியாது. 1888-ல் மோகனூரில் பிறந்தவர். 1949-ல் சென்னை மாகாணத்தின் அரசவைக் கவிஞர். சென்னைத் தலைமைச் செயலகத்தில் இருக்கும் பத்து மாடிக் கட்டடத்துக்கே அவர் பேருதான். ஆனா ஒரு ஆய்வுக் கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் "பிள்ளை, வி. ஆர்." என்று இருந்தால், அது இவர்தான்னு யாருக்காவது தோணுமா?

மேல்நாட்டு விதியை அப்படியே பொருத்தினால் இப்படித்தான் ஆகும். ஏ.பி.ஏ. முறையில் குடும்பப் பெயர் முதலில் வரணும், பிறகு காற்புள்ளி, அப்புறம் மற்ற பெயர்களின் முதலெழுத்துகள். கடைசியில் நிற்பதுதான் குடும்பப் பெயர் என்று மென்பொருள் நினைச்சுக்குது. இங்கே கடைசியில் நிற்பதோ சாதிப் பட்டம். அது தலைக்கு வந்துவிட, ராமலிங்கம் என்கிற சொந்தப் பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கிப்போச்சு. 'வெ.' என்பது அப்பா வெங்கடராம பிள்ளை. "இராமலிங்கம் பிள்ளை, வெ." என்று எழுதினால் ஆள் தப்பிச்சார்.

எழுத்திலும் வம்பு உண்டு. இராமலிங்கம் என்றால் 'இ' வரிசை, ராமலிங்கம் என்றால் 'ரா' வரிசை. அகராதியில் நடுவே எத்தனை பக்கம்! ஆங்கிலத்திலிருந்து திருப்பி எழுதுகிறவர் 'வெ.'யை 'வி.' ஆக்கிடுவார். ஒரே மனுஷர் மூணு பேராகிடுவார்.

இதையெல்லாம் முன்பே யோசித்த தமிழர் ஒருத்தர் உண்டு. சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், இந்திய நூலகவியலின் தந்தை. நூலக அட்டவணைக்கென்று 1934-ல் ஒரு விதிநூலே போட்டார். அவர் பெயரில் 'எஸ்.' ஊர், 'ஆர்.' அப்பா. கடைசியில் நிற்பது சொந்தப் பெயர். அதனால் "ரங்கநாதன், எஸ். ஆர்." என்பது சரியாகவே அமையும். குடும்பப் பெயர் இல்லாமலே!

அப்போ சொந்தப் பெயரை எப்பவும் முன்னால் போட்டால் போதுமா? அதுவும் இல்லை. நம்ம திருச்செங்கோடு பக்கம் குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தைப் பாருங்க. அப்பா பி. சுப்பராயன், 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண முதல்வர். மூத்த மகன் பி. பி. குமாரமங்கலம், 1966-ல் ராணுவத் தலைமைத் தளபதி ஆனவர். இன்னொரு மகன் மோகன் குமாரமங்கலம், மத்திய அமைச்சர், நீதிபதிகள் நியமனம் பற்றி 1973-ல் புத்தகம் எழுதியவர். மகள் பார்வதி கிருஷ்ணன், நாடாளுமன்ற உறுப்பினர்.

பட்டியலில் அப்பா "சுப்பராயன், பி."; மகன் "குமாரமங்கலம், மோகன்"; மகள் "கிருஷ்ணன், பார்வதி". அப்பாவுக்கு முன்னால் வருவது சொந்தப் பெயர், மகனுக்கு ஊர்ப் பெயர், மகளுக்குக் கணவர் பெயர். ஒரே வீடு, மூணு வழக்கம். மூணுமே சரிதான், ஏன்னா அவங்கவங்க தங்களை அப்படித்தான் அழைச்சுக்கிட்டாங்க.

இனிஷியல்தானேன்னு அலட்சியம் வேண்டாம். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தை விடச் சொன்னது. பலர் விட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு சுப்பிரமணியத்தையும் இன்னொரு சுப்பிரமணியத்தையும் பிரித்துக் காட்ட மிச்சமிருப்பது அந்த ஓரெழுத்துதான். அது மாறினால் ஒருத்தர் உழைப்பு இன்னொருத்தர் கணக்கில் போயிடும்.

அதனால் நண்பர்களே, புத்தகத்தின் தலைப்புப் பக்கத்தைத் திறந்து பாருங்க. ஒவ்வொரு துண்டும் அப்பாவா, ஊரா, பட்டமா, சொந்தப் பெயரான்னு கேளுங்க. அச்சில் இல்லாத இனிஷியலை நீங்களா விரிக்காதீங்க. கட்டுரை முழுக்க ஒரே எழுத்துக்கூட்டல் இருக்கட்டும். மென்பொருள் தானா நிரப்பினதை ஒரு தடவை கண்ணால் பார்த்துடுங்க. மோகனூர்க்காரரை 'பிள்ளை'க் கூட்டத்தில் தொலைத்துவிட்டு, பிறகு நம்ம ஊர்க் கவிஞரை யாரும் படிக்கலையேன்னு வருத்தப்பட்டு என்ன பிரயோஜனம்?